மை கரைத்த தண்ணீர்

கசேசே, செம்புச் சுரங்கக் குடியிருப்பு
12 ஜனவரி 1964

என் பிரியமான பெரெசிக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். பஸ் இரண்டு இடத்தில் சேற்றில் புதைந்தாலும் உயிரோடு வந்து சேர்ந்தேன். நீ கட்டிக்கொடுத்த கிழங்கில் பாதியைப் பக்கத்துச் சீட்டுக்காரன் தின்றுவிட்டான். சுவிசேஷம் சொல்லிக்கொண்டே தின்றான், எப்படிக் கோபித்துக்கொள்வது?

கிறிஸ்துமஸ் விடுமுறையில் பேசிக்கொண்டதை மறந்துவிடாதே. கோழி கூவினதும் நீ அங்கே, நான் இங்கே, ஒரே பகுதி. மெதுவாக வாசிக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நாள் முழுவதும் அதையே மென்றுகொண்டிருக்க வேண்டும். கிடைத்ததை எழுத வேண்டும். பகுதியைத் தேர்ந்தெடுப்பது நான். கல்யாணமான புதிதில் உனக்கு எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்தவன் நான்தானே, அந்த மரியாதையாவது இருக்கட்டும். சிரிக்காதே.

முதலில் ஆகார் தன் பிள்ளையோடு தண்ணீரில்லாமல் வனாந்தரத்தில் அலைந்த பகுதி. நானும் ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் சுரங்கத்துக்குள் இறங்கினேன். துளைபோடும் இயந்திரத்தின் சத்தத்தில் அது எங்கே விழுந்ததோ தெரியவில்லை. நாளைக்குப் பார்க்கலாம்.

அம்மா, "இன்னுமா ஒண்ணுமில்ல?" என்று உன் வயிற்றைப் பார்த்துக் கேட்டால் காதில் வாங்காதே. விடியற்காலை ஜெபக்கூட்டம் இப்போதும் சபை யோராமு வாத்தியார் முற்றத்தில்தானா? அவர் மனைவி இறந்தபிறகு அந்த முற்றத்தைக் கூட்டிப் பெருக்குவது யார்? சும்மா கேட்கிறேன்.

உன் கணவன்,
கோசியா


கிகேசி, நியமிகோமா மலை
2 பிப்ரவரி 1964

கர்த்தருக்குள் அன்பான என் வீட்டுக்காரருக்கு,

ஸ்தோத்திரம். நான் நலம். அத்தை நலம், அத்தையின் நாக்கும் நலம். பட்டாணி பூத்துவிட்டது. கறுப்பு ஆடு மறுபடியும் கயிற்றை அறுத்துக்கொண்டு போய், பக்கத்து மேட்டில் அடுத்தவர் கீரையை மேய்ந்து, எனக்குத் திட்டு வாங்கிக்கொடுத்தது.

ஆகாரைப் பற்றிச் சொல்ல வேண்டும், என்னால் அடக்கிவைக்க முடியவில்லை. முதல் நாள் வாசித்தேன், ஒன்றும் இல்லை. இரண்டாம் நாளும் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் மண்வெட்டியைத் தேடு தேடென்று தேடி, அது என் தோளிலேயே இருப்பதைப் பார்த்தேன். அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். தேவன் அவளுக்குக் கிணறு வெட்டிக்கொடுத்தார் என்று அங்கே எழுதியிருக்கிறதா? இல்லை! கண்ணைத்தான் திறந்தார். கிணறு முன்னாலேயே அங்கே இருந்திருக்கிறது. அவள் அழுதுகொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனை வருஷமாகப் பிள்ளை இல்லை, பிள்ளை இல்லை என்று அழுகிறேன், பக்கத்தில் இருக்கும் எதைப் பார்க்காமல் விட்டேனோ!

விடியற்காலைக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். யோராமு வாத்தியார் எழுந்து நின்றுவிட்டார். "ஏம்மா, இத்தனை வருஷம் நான் பிரசங்கம் பண்றேன், இது என் கண்ணுல படவேயில்லையே" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்திலும் என் பெயரைச் சொல்லியே பிரசங்கித்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமும்தான், அதையும் மறுநாள் கூட்டத்தில் எல்லார்முன்னும் அறிக்கை செய்து வெளிச்சத்தில் வைத்துவிட்டேன்.

முற்றத்தைக் கூட்டுவது அவருடைய அக்கா. உங்களுக்கு என்ன கிடைத்தது? எழுதவே இல்லையே.

உங்கள்,
பெரெசி


கசேசே
23 பிப்ரவரி 1964

பெரெசிக்கு,

உன் கிணறு இங்கே வந்துவிட்டது. உன் கடிதம் வருமுன்பே வந்துவிட்டது. ஊர் ஊராகப் போகும் சுவிசேஷகர் ஒருவர் எங்கள் தொழிலாளர் கூட்டத்துக்கு வந்தார். "கிகேசியில ஒரு சகோதரி சொன்னதைக் கேளுங்க" என்று ஆரம்பித்தார். ஆகார், கண், கிணறு, எல்லாம். ஆட்கள் கைதட்டினார்கள். என் அறைக்கூட்டாளி அசாபு என்னை இடித்து, "உங்க ஊருப் பக்கமாச்சே, யாருன்னு தெரியுமா?" என்று கேட்டான். தெரியாது என்றேன்.

எனக்கு எழுதுமுன்பே ஊருக்குச் சொன்னாயா? வாத்தியார் எழுந்து நின்றாராம், உனக்கு வெட்கமாம், சந்தோஷமாம். இதையெல்லாம் உன் புருஷனுக்கே எழுதுகிறாய்.

தம்பி நெகேமியாவும் எழுதியிருக்கிறான். கூட்டம் முடிந்தபிறகும் நீ அந்த முற்றத்தில் உட்கார்ந்து சோளக்கூழ் குடித்துக்கொண்டிருக்கிறாயாம். சூரியன் மேலே வந்தபிறகுதான் வயலுக்குப் போகிறாயாம். மனைவி இல்லாத ஆள் வீட்டில் உனக்கென்ன கூழ்? நம் வீட்டில் சோளம் இல்லையா?

இனி விடியற்காலைக் கூட்டத்துக்குப் போகாதே. தியானத்தை வீட்டிலேயே செய். பகுதி நான் கொடுக்கிறேன். கொரிந்தியருக்கு எழுதினதில், ஸ்திரீகள் சபையில் பேசாமல் இருக்க வேண்டும் என்று வரும் இடம். அதை ஒரு வாரம் மென்றுகொண்டிரு.

கோசியா


நியமிகோமா
8 மார்ச் 1964

அன்பான என் வீட்டுக்காரருக்கு,

சொன்னபடி மென்றேன். முதலில் தொண்டையில் சிக்கியது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வாரம் என்று நீங்களே சொன்னதால் விடாமல் உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் நிறுத்தின இடத்தில் அது நிற்கவில்லையே. அடுத்த வரியை வாசித்தீர்களா? பெண்கள் எதையாவது கற்றுக்கொள்ள விரும்பினால் வீட்டில் புருஷரிடம் கேட்கட்டும் என்றிருக்கிறது. அப்படியென்றால் புருஷர்கள் பதில் வைத்திருக்க வேண்டும் என்றுதானே அர்த்தம்? அதனால் கேட்கிறேன். பிள்ளை சாவதைப் பார்க்க மாட்டேன் என்று ஆகார் தூரத்தில் போய் உட்கார்ந்து அழுதாளே, அப்புறம் தேவன் ஏன் தாயின் அழுகையை விட்டுவிட்டுப் பிள்ளையின் சத்தத்தைக் கேட்டார்? இது எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஜனவரியிலிருந்து ஒவ்வொரு பகுதியாக அனுப்புகிறீர்கள், உங்களுக்கு என்ன கிடைத்தது என்று ஒருவரிகூட வரவில்லை. வீட்டில் கேட்கச் சொல்லியிருக்கிறது, கேட்கிறேன். சொல்லுங்கள்.

கூழ் விஷயம். யோராமு வாத்தியாரின் அக்கா காய்ச்சிய கூழ், எங்கள் எல்லாருக்கும் ஒரே சுரைக்குடுவை. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் உங்கள் அம்மாவும் ஒருத்தி. அதை உங்கள் தம்பி எழுதினானா?

கூட்டத்துக்குப் போகாதே என்றீர்கள். போனேன். இனியும் போவேன். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன இந்தக் கைக்கு நாளில் அந்த ஒரு மணிநேரம்தான் சொந்தம். அதை நீங்கள் கேட்கிறீர்கள். வேறு எதையாவது கேளுங்கள், தருகிறேன்.

பெரெசி


கசேசே
19 மார்ச் 1964

பெரெசிக்கு,

போனாய் அல்லவா. உன் கையாலேயே எழுதியிருக்கிறாய்.

எனக்குக் கேள்வி அனுப்பும் அளவுக்கு வந்துவிட்டாய். ஓர் எழுத்து தெரியாமல் இருந்தவள். என் பக்கத்தில் உட்கார்ந்து விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவிக்கொண்டிருந்தவள்.

நீ யாரிடம் மனதைக் கொடுத்தாய் என்று எனக்குத் தெரியும். ஒரு மனுஷன் உன்னைப் பார்த்து எழுந்து நிற்கிறான், உனக்குச் சந்தோஷம் வருகிறது. இதற்கு வேறு பெயர் இருக்கிறதா? நீ என்னை ஊர்முன் முட்டாளாக்கினாய். எனக்குத் துரோகம் செய்தாய். இதை நான் அழித்து எழுதப்போவதில்லை.

உனக்குப் பகுதி: எண்ணாகமம் ஐந்தாம் அதிகாரம். மனைவியைச் சந்தேகப்பட்டு எரிச்சல்கொண்ட புருஷனைப் பற்றிய பிரமாணம். நாள் முழுவதும் மென்று பார்.

கோசியா


நியமிகோமா
5 ஏப்ரல் 1964

என் வீட்டுக்காரருக்கு,

மென்றேன். ஒரு வார்த்தைகூட விடாமல் மென்றேன். அது வாசிக்கிற பகுதியாக எனக்குத் தெரியவில்லை, செய்கிற பகுதியாகத் தெரிந்தது. செய்தும் முடித்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை விடியற்காலையில் எல்லாரையும் ஆலயத்துக்கு வரச் சொன்னேன். யோராமு வாத்தியாரை முன்னால் வரவேண்டாம் என்றேன், அவர் பெயர் இதில் இருக்கிறதே. உங்கள் தம்பி நெகேமியாவைக் கூப்பிட்டேன். மண்பாத்திரத்தில் தண்ணீர் எடுத்தேன். எண்ணெய் விடாத சோளமாவைக் கையில் வைத்துக்கொண்டேன். தலைத்துணியை எடுத்துவிட்டேன். "ஆலயத்துத் தரையிலருந்து மண்ணை அள்ளி இதுல போடுங்க" என்று நெகேமியாவிடம் சொன்னேன். அவன் முகம் வெளிறிப்போயிற்று.

"அண்ணி, என்ன இது? விளையாடாதீங்க."

"நீங்கதானே கண்ணால பாத்து எழுதினீங்க. கையாலயும் போடுங்க."

போட்டான். அந்தப் பகுதியில் ஆசாரியன் சாபத்தை எழுதி, அந்த எழுத்தைத் தண்ணீரில் கழுவி, சந்தேகத்துக்குள்ளான மனைவிக்குக் குடிக்கக் கொடுக்க வேண்டும் என்றிருக்கிறது. எழுத வேண்டிய தேவை எனக்கு இல்லை. எழுதியது கையில் இருந்ததே. உங்கள் கடிதத்தை எடுத்து, துரோகம் என்ற வார்த்தை இருந்த பக்கத்தை அந்தத் தண்ணீரில் முக்கித் தேய்த்தேன். நல்ல மை வாங்கியிருக்கிறீர்கள், இறங்கவே மாட்டேன் என்றது. கடைசியில் தண்ணீர் நீலமாயிற்று.

அத்தை கத்தினாள். "ஐயோ, என் மவன் எழுதினதைக் குடிக்காதடி! அவன் பைத்தியக்காரன்டி!" என் கையைப் பிடித்து இழுத்தாள். இத்தனை வருஷத்தில் உங்கள் அம்மா என் பக்கம் நின்று பார்த்தது அன்றைக்குத்தான்.

நான் குற்றம் செய்திருந்தால் என் வயிறு வீங்கட்டும் என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். குடித்தேன். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. மண் பல்லில் கரகரத்தது. மை கசந்தது.

போதுமா?

பெரெசி


கசேசே
10 மே 1964

பெரெசி, என் பெரெசி,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து எழுதவேண்டும் எழுதவேண்டும் என்று உட்கார்ந்து, எழுத முடியாமல் எழுந்துபோனேன். இப்போது நெகேமியா எழுதியிருக்கிறான். உன் வயிறு வீங்குகிறதாம். காலையில் வாந்தி எடுக்கிறாயாம். "அண்ணா, தண்ணி வேலை செய்யுது" என்று எழுதியிருக்கிறான், மடையன்.

அந்த மண்ணில் என்ன நோய் இருந்ததோ, மையில் என்ன விஷம் இருந்ததோ! கபாலே ஆஸ்பத்திரிக்குப் போ. யார் தோளிலாவது தூக்கிக்கொண்டு போகச் சொல். நான் கோபத்தில் அனுப்பினேன் பெரெசி. உன்னைக் குத்தவேண்டும் என்று பக்கம் பக்கமாகப் புரட்டி, எரிச்சல் என்ற வார்த்தை கண்ணில் பட்டதும் அனுப்பினேன். முழுவதும் வாசிக்கவே இல்லை. நீ இப்படிச் செய்வாய் என்று யாருக்குத் தெரியும்? வாசி என்றால் வாசிக்கிறவர்கள்தானே எல்லாரும், செய்கிறவள் நீ ஒருத்திதான்.

செத்துப்போய்விடாதே. வேலைநேரத்தில் சுரங்கத்துக்குள் எல்லாரும் ஒரே இருட்டில்தான் இருக்கிறோம், ஆனால் என் இருட்டு வேறாக இருக்கிறது. ஒரு வரி எழுது.

கோசியா


என் அண்ணன் வீடு, பக்கத்து மலை
20 மே 1964

கோசியாவுக்கு,

பெயர் சொல்லி எழுதுகிறேன். கோபமாக இருக்கிறேன், அது தெரியட்டும்.

அந்தப் பகுதியைக் கடைசிவரை வாசியுங்கள். குற்றமுள்ளவள் வயிறு வீங்கும், அதுவரை உங்கள் தம்பிக்கே தெரிகிறது. குற்றமில்லாதவளுக்கு என்ன ஆகும் என்று அடுத்து எழுதியிருக்கிறது. அவள் கர்ப்பந்தரிப்பாள். எழுத்தில் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நீங்கள் வந்துபோனதை உங்கள் தம்பி மறந்தாலும் உங்கள் அம்மா மறக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். நெகேமியாவைத் துடைப்பத்தால் அடித்தாள். "தண்ணி வேலை செய்யுதாம்ல தண்ணி! உங்கண்ணன் வேலைடா இது!" என்று மலை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். நான் சிரித்தேன். சிரித்துமுடித்து அழுதேன். இத்தனை வருஷம் காத்திருந்த செய்தியை நான் முதலில் யாரிடம் சொல்லியிருக்க வேண்டும்? சொல்ல வாய் வரவில்லை. தண்ணீரைக் குடித்த நாளில் இந்தப் பிள்ளை உள்ளே இருந்திருக்கிறது. உங்கள் வார்த்தையை அதுவும் குடித்தது.

அதே பகுதியில்தான் இன்னும் உட்கார்ந்திருக்கிறேன், அதன் கடைசி வரியைத் தாண்ட முடியவில்லை. புருஷன் சந்தேகப்படுகிறான், மனைவியைக் கூட்டிக்கொண்டு வருகிறான், நின்று பார்க்கிறான், குற்றத்துக்கு நீங்கலாகி வீட்டுக்குப் போகிறான். அவன் குடிக்க ஒரு கிண்ணமும் இல்லை. ஆண்டவரே, இது என்ன என்று தினமும் கேட்கிறேன். பதில் வரவில்லை. வாத்தியாரிடம் கேட்டேன். "எனக்குத் தெரியலம்மா" என்றார். தெரியாது என்று சொல்லும் ஆண்பிள்ளையை அன்றுதான் பார்த்தேன்.

நான் என் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன். வழக்கம் உங்களுக்குத் தெரியும். கோபித்துக்கொண்டு வந்தவளைப் புருஷன்தான் வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும். நாம் இரட்சிக்கப்பட்டவர்கள், அபராதமாக அண்ணனுக்குச் சோளபீர் எல்லாம் கொண்டுவர வேண்டாம். ஆனால் நீங்கள் எழுதினதை எழுதினபடியே எல்லார்முன்னும் வெளிச்சத்தில் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் பிள்ளை இந்த வீட்டில்தான் பிறக்கும், இந்த வீட்டில்தான் வளரும். சொல்லிவிட்டேன்.

பெரெசி


கசேசே
7 ஜூன் 1964

பெரெசிக்கு,

நேற்றுக் கூட்டத்தில் எழுந்தேன். சுருக்கமாகத்தான் சொல்லப் பார்த்தேன். "சகோதரரே, நான் என் மனைவியைச் சந்தேகப்பட்டேன், ஆண்டவர் எனக்குக் காட்டினார், ஸ்தோத்திரம்" என்றேன். உனக்குத் தெரியுமே, ஒருவன் அறிக்கை செய்து முடித்ததும் எல்லாரும் பாட்டை எடுப்பார்கள். அவனைச் சுற்றி நின்று, கைகொட்டி, தோளைத் தட்டுவார்கள். எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அசாபுதான் கையைத் தூக்கி நிறுத்தினான்.

"இருங்கப்பா. கோசியா, நெசமாவே அந்த வாத்தியாரைச் சந்தேகப்பட்டியா?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் பாட்டு வந்திருக்கும், கைதட்டு வந்திருக்கும், வீட்டுக்கு வந்திருப்பேன்.

"இல்ல" என்றேன்.

"அப்புறம் எதுக்குய்யா அப்படி எழுதினே?"

அப்போது சொன்னேன். உனக்கும் சொல்கிறேன். நான் ஒரு நாளும் உன்னைச் சந்தேகப்படவில்லை பெரெசி. துரோகம் என்று எழுதும்போதே பொய் என்று தெரிந்துதான் எழுதினேன். யோராமு யார்? அவர் ஒரு சாக்கு. நான் பொறாமைப்பட்டது உன்மேல். விடியற்காலையில் எழுந்து, நீ வாசிக்கும் அதே பக்கத்தை நானும் வாசிக்கிறேன். உன்னிடம் அது பேசுகிறது. என்னிடம் பேசவில்லை. ஜனவரியிலிருந்து ஒரு நாள்கூட, ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. உனக்கு எழுத்தைச் சொல்லிக்கொடுத்தவன் நான். அந்த எழுத்துக்குள் இருந்தவர் உன்னிடம் போய்விட்டார். உன் கடிதத்தைப் பிரிக்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது. உனக்கும் எதுவும் கேட்காமல் போக வேண்டும் என்று விரும்பினேன். அதற்காகத்தான் பகுதிகளைத் தேடித் தேடிக் கல்லாகப் பொறுக்கி அனுப்பினேன்.

இதைச் சொல்லி முடித்தேன். யாரும் பாட்டு எடுக்கவில்லை. ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. அசாபு மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டான்.

மாதக் கடைசியில் விடுப்புக் கொடுத்திருக்கிறார்கள். அங்கேயும் இதையே சொல்வேன், ஒரு வார்த்தை குறைக்க மாட்டேன். நீ வருவாயோ மாட்டாயோ, அது உன் இஷ்டம்.

கோசியா


அண்ணன் வீடு
16 ஜூன் 1964

கோசியாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் தலைமாட்டிலேயே வைத்திருந்தேன். யாரிடமும் காட்டவில்லை.

வாத்தியாரைச் சந்தேகப்பட்டிருந்தால்கூட மன்னித்திருப்பேன் போலிருக்கிறது. தூரத்தில் இருக்கும் ஆண்பிள்ளை, தனியாக இருக்கிறான், மூளை கெட்டுப்போயிற்று என்று நினைத்திருப்பேன். இது அப்படி இல்லையே. சுத்தமானவள் என்று தெரிந்தே எனக்குக் குடிக்கக் கொடுத்தீர்கள்.

உங்களுக்கு எதுவும் கேட்கவில்லை என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கலாமே, கோசியா. எனக்குக் கிடைத்ததில் பாதியைத் தந்திருப்பேனே. முழுவதையுமே தந்திருப்பேனே! எனக்கு எதற்கு அது?

நீங்கள் விரும்பினது நடந்துவிட்டது. அதையும் தெரிந்துகொண்டு வாருங்கள். அந்தக் கடைசி வரிக்குப் பிறகு எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை. கோழி கூவினதும் எழுந்து உட்காருகிறேன், திறக்கிறேன், வெறும் மையாக இருக்கிறது. கூட்டத்தில் எல்லாரும் என் வாயையே பார்க்கிறார்கள். வயிற்றில் இருப்பது மட்டும் நான் சத்தமாக வாசித்தால் உதைக்கிறது. அதற்கு என்ன கேட்கிறதோ, நான் அறியேன். அதன்மேல் எனக்கே பொறாமையாக இருக்கிறது.

வாருங்கள். அண்ணனிடம் சொல்லிவைக்கிறேன், அடிக்க மாட்டார். எல்லார்முன்னும் சொல்லிமுடித்ததும் பாட்டு எதிர்பார்க்க வேண்டாம், என்னிடமிருந்தும் வராது. மறுநாள் விடியற்காலையில் நம் வீட்டில் உட்காருவோம். ஒன்றும் கேட்காத இரண்டு பேர், ஒரே புத்தகம். பகுதியை நீங்களே தேர்ந்தெடுங்கள். இந்த முறை எனக்காக வேண்டாம், உங்களுக்காகத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் வாசியுங்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன்.

பெரெசி